நோய்க்குக் காரணம் ‘நானா’? படைவீரர்களின் டிசபிலிட்டி பென்ஷன் வழக்குகளைப் புரிந்துகொள்ள

“நீரிழிவு நோய்: முன்னாள் படைவீரருக்கு 50 சதவீத பென்ஷன் தர நீதிமன்றம் உத்தரவு.” இந்த மாதிரித் தலைப்புகள் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி கண்ணில் படுகின்றன. படிப்பவருக்கு மூன்று கேள்விகள் எழும். சர்க்கரை நோய் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறதே, அதற்கு ராணுவம் எப்படிப் பொறுப்பாகும்? மருத்துவக் குழு 20 சதவீதம் என்று எழுதியதை நீதிமன்றம் எப்படி 50 ஆக்கியது? தன் படைவீரருக்கு எதிராக அரசே ஏன் உச்ச நீதிமன்றம் வரை போகிறது?

மூன்றுக்கும் விடை ஒரே படிவத்தில் இருக்கிறது. பணியிலிருந்து வெளியேறும்போது ராணுவ மருத்துவக் குழு நிரப்பும் படிவம் அது. அதில் ஒரு கட்டத்தில் எழுதப்படும் ஒரு வரிதான் அந்த மனிதரின் மீதி வாழ்க்கைக்கான வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வரி என்ன, அதை எழுதுகிறவருக்குச் சட்டம் போட்டிருக்கும் நிபந்தனை என்ன என்பது பிடிபட்டால் செய்திகள் தெளிவாகிவிடும்.

முதலில் பெயர்கள்

செய்தித்தாள்கள் ‘ஊன ஓய்வூதியம்’ என்று எழுதுகின்றன. படைவீரர் வீடுகளில் டிசபிலிட்டி பென்ஷன் என்றே புழங்குகிறது. கை, கால் இழந்தவர்களுக்கான தொகை என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கும் உண்டு. ஆனால் இதய நோய், ரத்த அழுத்தம், வலிப்பு, மனச்சிதைவு, காது கேளாமை என்று நோய்கள் தொடர்பாக வரும் கோரிக்கைகளில்தான் பெரும்பாலும் தகராறு. குண்டடிபட்டவர் விஷயத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை. நோயாளியிடம்தான் கேட்கிறார்கள்.

இந்தப் பென்ஷனுக்குள் இரண்டு பகுதிகள் உண்டு.

1. பணிப் பகுதி. வேலை பார்த்ததற்காகக் கிடைப்பது. பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் பாதி.
2. திறன் இழப்புப் பகுதி. உடலோ மனமோ பழுதானதற்கு ஈடாகக் கிடைப்பது. முழு 100 சதவீத இழப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இழப்பு குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும்.

அதிகாரி அல்லாத படைவீரர் சாதாரணமாகப் பென்ஷன் பெற 15 ஆண்டுகள் பணி முடித்திருக்க வேண்டும். ஆனால் பணியால் வந்த நோய்க்காக இடையிலேயே வெளியேற்றப்பட்டவருக்கு இந்த 15 ஆண்டு நிபந்தனை கிடையாது. மூன்று ஆண்டோ ஏழு ஆண்டோ, பணிப் பகுதியும் சேர்ந்தே வரும். ‘பணியால்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு சண்டை நடப்பதற்குக் காரணம் இதுதான். இளம் வயதில் நோயோடு அனுப்பப்படும் சிப்பாய்க்கு அது முழுப் பென்ஷனா, வெறுங்கையா என்ற கேள்வி.

வந்ததா, கூடியதா?

விதிகள் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கின்றன.

ஒன்று, ராணுவப் பணியால் வந்தது. பனிமலையில் நின்றவருக்கு விரல்கள் கருகிப்போவது, உயரமான இடத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது, பயிற்சியில் முதுகெலும்பு நொறுங்குவது போன்றவை. இவற்றில் காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இரண்டு, ராணுவப் பணியால் கூடியது. நோயின் விதை வேறு எங்கோ இருந்திருக்கலாம்; பரம்பரையாகக்கூட இருக்கலாம். ஆனால் பணிச் சூழல் அதை முன்கூட்டியே கிளப்பிவிட்டது அல்லது முற்றவைத்தது. ரத்த அழுத்தமும் நீரிழிவும் இந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. ‘ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறதே’ என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். நோயைப் படைத்தது ராணுவம் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டிவிட்டது என்று காட்டினாலே போதும்.

இரண்டில் ஒன்றுக்குள் நுழைந்து, இழப்பு குறைந்தது 20 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டால் திறன் இழப்புப் பகுதி கிடைக்கும். இரண்டும் இல்லை என்றால் மருத்துவக் குழு நான்கு எழுத்துச் சுருக்கம் ஒன்றை எழுதும். ஆங்கிலத்தில் ‘பணியால் வந்ததுமில்லை, கூடியதுமில்லை’ என்ற தொடரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவது ‘நானா’. தமிழ்க் காதுக்கு அது ஒரு கேள்வியாகவே கேட்கும். ‘இந்த நோய்க்குக் காரணம் நானா?’ என்று ராணுவம் கையை விரிப்பது போல. ஆயிரக்கணக்கான வழக்குகளின் ஊற்று இந்த முத்திரைதான்.

மருத்துவக் குழுவில் என்ன நடக்கிறது

படையில் ஒவ்வொருவரின் உடல்தகுதிக்கும் ‘ஷேப்’ என்ற அளவுகோல் உண்டு. மனநலம், செவி, கைகால், உடல்நிலை, கண்பார்வை ஆகிய ஐந்தின் ஆங்கில எழுத்துகள் சேர்ந்தது. ஷேப்-1 என்றால் எந்தக் குறையும் இல்லை. ஏதாவது ஒன்றில் இறங்கினால் ‘லோ மெடிக்கல் கேட்டகரி’. அதற்கப்புறம் நடப்பது ஏறத்தாழ இப்படி:

1. சிகிச்சை, மறுபரிசோதனை. சிலருக்கு எளிய வேலை கொடுத்துப் பணியில் வைத்துக்கொள்வார்கள்.
2. பணியில் வைத்துக்கொள்ள முடியாதவரை ‘இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு’ பரிசோதித்து வெளியேற்றும். பணிக்காலம் முடித்தோ ஓய்வு வயதை எட்டியோ போகிறவரை ‘ரிலீஸ் மெடிக்கல் போர்டு’ பரிசோதிக்கும்.
3. இரண்டு போர்டுகளும் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவத்தை நிரப்பும்.
4. அது ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகப் பென்ஷன் அனுமதிக்கும் அலுவலகத்துக்குப் போகும். ராணுவத்தினருக்கு அது பிரயாக்ராஜில் இருக்கிறது.

அந்தப் படிவத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோயின் பெயர், அது தொடங்கிய தேதி, தொடங்கியபோது எந்த ஊரில் பணி, அது களப் பகுதியா அமைதிப் பகுதியா என்று பத்திகள் ஓடும். படையில் சேருவதற்கு முன்பே நோய் இருந்ததா? பணியால் வந்ததா? கூடியதா? எத்தனை சதவீதம்? அது எத்தனை காலத்துக்கு? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. கடைசியாகக் காரணம் எழுத ஓர் இடம். பல வழக்குகளில் இந்த இடத்தில் இருந்தது ஒரே வரி: ‘உடல்வாகு சார்ந்த கோளாறு; பணியோடு தொடர்பில்லை.’

இந்த ஒற்றை வரி போதுமா என்பதுதான் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி.

தரம்வீர் சிங் வழக்கு: யார் நிரூபிக்க வேண்டும்?

தரம்வீர் சிங் 1985 ஜூனில் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். சேரும்போது நடந்த பரிசோதனையில் அவர் மேல் எந்தக் குறிப்பும் இல்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணிக்குப் பின் வலிப்பு நோயால் 1994 மார்ச்சில் வெளியேற்றப்பட்டார். இழப்பு 20 சதவீதம். காரணக் கட்டத்தில் மேலே சொன்ன அதே வகை வரி. ஒன்பது ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 15 ஆண்டும் இல்லை, நோயாளிகளுக்கான இன்னொரு பென்ஷனுக்கு அப்போது தேவைப்பட்ட 10 ஆண்டும் இல்லை. ‘நானா’ முத்திரை விழுந்ததும் மாதப் பென்ஷன் என்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அவருக்குப் பொருந்தியவை 1982-ம் ஆண்டின் தகுதி விதிகள். அவற்றில் மூன்று விதிகளைச் சேர்த்துப் படித்தது நீதிமன்றம்.

1. படையில் சேரும்போது குறிப்பு எதுவும் எழுதப்படாதவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் உடல் கெட்டு வெளியேற்றப்பட்டால் அது பணியால்தான் என்பது அனுமானம்.
2. தகுதியை நிரூபிக்கும் பொறுப்பு கோருகிறவர் மேல் இல்லை. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. களத்தில் இருந்தவர் என்றால் இன்னும் தாராளமாகப் பார்க்க வேண்டும்.
3. சேரும்போது கண்டுபிடித்திருக்கவே முடியாத நோய் என்று மருத்துவர்கள் சொல்லலாம். சொன்னால் காரணத்தை எழுத வேண்டும்.

கடைசி விதியின் கடைசிப் பகுதிதான் தீர்ப்பின் அச்சாணி. குழு காரணம் எழுதவில்லை. அதனால் அனுமானம் அப்படியே நின்றது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வென்றார். வெளியே வந்து அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தீர்ப்பைப் பற்றி ஒரு தவறான புரிதல் பரவலாக உண்டு. ‘படையில் இருக்கும்போது வந்த எல்லா நோய்க்கும் பென்ஷன்’ என்று அது சொல்லவில்லை. மருத்துவக் குழுவின் கருத்தை நீதிமன்றம் தூக்கி எறியவும் இல்லை. காரணம் எழுதாத கருத்துக்கு எடை கிடையாது என்றுதான் சொன்னது. காரணத்தைச் சரியாக எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்கலாம். 2019-ல் மனநோய் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படியே மறுத்தும் இருக்கிறது. மனச்சிதைவு போன்ற நோயைச் சேர்க்கும் நேரத்துப் பரிசோதனையில் கண்டுபிடிப்பது சாத்தியமில்லை. எனவே அனுமானம் தானாக வந்துவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். அதே நீதிமன்றம் 2025 மே மாதம் இன்னொரு மனச்சிதைவு வழக்கில் படைவீரர் பக்கம் நின்றது. இரண்டும் முரண் போலத் தெரியும். இரண்டாவதில் குழு எழுதியிருந்தது முடிவை மட்டும், காரணத்தை அல்ல.

2008-க்குப் பிறகு

அரசு 2008-ல் புதிய தகுதி விதிகளைக் கொண்டுவந்தது. ‘நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார்’ என்ற பழைய அனுமானத்தின் வாசகம் அதில் இல்லை. நோய் பணிக்காலத்தில் தலைகாட்டியது என்பதே போதாது, பணிக்கும் நோய்க்கும் காரணத் தொடர்பு வேண்டும் என்றது. இனி தரம்வீர் சிங் தீர்ப்பு பொருந்தாது என்பது அரசுத் தரப்பு வாதம்.

இந்த வாதத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் தொடுத்த ஏறத்தாழ 300 மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. விதிகளின் வாசகம் மாறினாலும், காரணத்தை எழுதும் கடமை குழுவை விட்டுப் போகவில்லை என்பது அதன் சாரம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, மார்ச்சில், அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு நீரிழிவு வழக்கில் இன்னும் நேராகப் பேசியது. நோய் அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது, ஆகவே பணியோடு தொடர்பில்லை என்று குழு எழுதியிருந்தது. அது காரணமே ஆகாது என்றது நீதிமன்றம்.

இந்த ‘அமைதிப் பகுதி’ வாதம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஏனென்றால் மறுப்புக் கடிதங்களில் இதுதான் அடிக்கடி வருகிறது. எல்லையில் இல்லை, கன்டோன்மென்ட் ஊரில் இருந்தார். அப்புறம் என்ன அழுத்தம்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரத்த அழுத்தமும் நீரிழிவும் ஒரே நாளில் வருபவை அல்ல. ஐந்து ஆண்டு மலையில் இருந்துவிட்டு வெலிங்டனுக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்தால், படிவத்தில் ‘தொடங்கிய இடம்: வெலிங்டன்’ என்று ஏறிவிடும். பரிசோதனை நடந்த இடம் நோய் தொடங்கிய இடமாகிவிடுகிறது. இது மருத்துவம் இல்லை, எழுத்தர் வேலை.

இதய நோய்க்கு மருத்துவக் குழுக்கள் பின்பற்றும் கையேட்டில் வேறொரு அளவுகோல் இருக்கிறது. மாரடைப்புக்கு முந்தைய 14 நாட்களில் அவர் என்ன வேலை பார்த்தார் என்ற விவரம் கேட்கப்படும். இரவுக் காவலா, அணிவகுப்புப் பயிற்சியா, அலுவலகமா? அந்தப் பட்டியலை எழுதித் தருவது யூனிட். அது கவனமாக எழுதப்பட்டால் வழக்கே தேவைப்படாது. கடமைக்கு எழுதப்பட்டால் அதுவே வழக்காகும்.

ஒப்பிட ஒன்றே ஒன்று. அமெரிக்கா இதே சிக்கலைப் பட்டியல் போட்டுச் சமாளிக்கப் பார்த்தது. ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லிக்கு வியட்நாமில் ஆளானவர்களுக்காக 1991-லும், இராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பையெரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்காக 2022-லும் சட்டங்கள் வந்தன. இன்ன இடத்தில் இன்ன காலத்தில் இருந்தவருக்கு இன்ன நோய் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். தனித்தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. நம் விதிகளின் இணைப்பிலும் தட்பவெப்பத்தால் வருபவை, மன அழுத்தத்தால் கூடுபவை என்று நோய்ப் பட்டியல் உண்டு. ஆனால் அது குழுவுக்கு வழிகாட்டி மட்டுமே. பட்டியலில் இருந்தும் ‘நானா’ விழுந்தவர்கள் உண்டு.

லீவில் அடிபட்டால்?

இங்கே சட்டம் படைவீரருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. லீவுக்கு ஊருக்குப் போகும் அனுமதிக்கப்பட்ட பயணமும் திரும்பும் பயணமும் பணிக் கணக்கில் சேரும். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு சொந்த வேலையாக ஸ்கூட்டரில் போய் விழுந்தால் சேராது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது: காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் காரணத் தொடர்பு இருக்க வேண்டும். அந்த வழக்காளியின் பெயரும் ஏறத்தாழ தரம்வீர் சிங் என்றே ஒலிக்கும். இணையத்தில் பலர் இரண்டு தீர்ப்புகளையும் மாற்றி மேற்கோள் காட்டுகிறார்கள். ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

20 எப்படி 50 ஆகிறது

செய்திகளில் அதிகம் குழப்புவது இதுதான். 20 சதவீதத்தை 50 ஆக்குவது நீதிபதியின் கருணை இல்லை. அரசே வகுத்த ஏற்பாடு. ஒரே நோய்க்கு ஒரு மருத்துவர் 30 என்பார், இன்னொருவர் 40 என்பார். இந்த வித்தியாசத்தால் யாரும் நஷ்டப்படக்கூடாது என்று ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பின் மூன்று படிகள் வைக்கப்பட்டன. 2001 ஜனவரியில் வந்த அரசாணை அதை 1996-லிருந்து அமலாக்கியது.

1. 50-க்குக் கீழ் இருந்தால் 50 என்று கொள்ளப்படும்.
2. 50 முதல் 75 வரை இருந்தால் 75.
3. 76 முதல் 100 வரை இருந்தால் 100.

நாயக் பதவியில் உள்ள ஒரு படைவீரரின் கடைசிச் சம்பளம், ராணுவப் பணி ஊதியமும் சேர்த்து, மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயால் வெளியேற்றப்படுகிறார், இழப்பு 30 சதவீதம். பணிப் பகுதி 20,000. திறன் இழப்புப் பகுதி முழுசாக 12,000. அதில் 30 சதவீதம் 3,600. மேலே சொன்ன மூன்று படிகளின்படி 30 என்பது 50 ஆகிறது. எனவே 6,000. இதற்கு மேல் அகவிலை நிவாரணம். அவர் கோப்பில் ‘நானா’ இருந்து, பணிக்காலமும் போதாமல் இருந்தால் இந்த 26,000 ரூபாயும் கிடையாது. ஒரு வரியின் விலை மாதம் 26,000.

போரில் காயப்பட்டு வெளியேற்றப்படுகிறவருக்குக் கணக்கு வேறு. அது போர்க்காயப் பென்ஷன். முழு இழப்புக்குத் திறன் இழப்புப் பகுதி கடைசிச் சம்பளத்துக்கே சமம். 30 சதவீதம் அல்ல. எந்தச் சம்பவம் எந்தப் பிரிவில் வரும் என்பதற்கு அதே 2001 அரசாணை ஆங்கில எழுத்துகளில் ஏ முதல் இ வரை ஐந்து வகைகள் வகுத்திருக்கிறது. பணிக்குத் தொடர்பற்ற இயற்கைக் காரணங்கள் ஏ; போரும் போர் நடவடிக்கைகளும் இ.

சரி, அரசு வகுத்ததுதானே, அப்புறம் ஏன் வழக்கு? அரசு இந்த மூன்று படிகளை நோயால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்றது. நோயோடே பணிக்காலத்தை முடித்து ஓய்வு பெற்றவருக்கு இல்லை என்று மறுத்தது. அதே நோய், அதே 30 சதவீதம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நாள் வரை வேலை பார்த்தவருக்குக் குறைவு. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. நூற்றுக்கணக்கான அரசு மேல்முறையீடுகள் ஒன்றாகத் தள்ளுபடியாயின. அதே ஆண்டு ஜூனில் வந்த இன்னொரு தீர்ப்பு மற்றொரு ஓட்டையை அடைத்தது. 20 சதவீதத்துக்குக் கீழ் என்று சொல்லிக்கொண்டே ஒருவரை வெளியேற்றுவது எப்படி? வெளியேற்றும் அளவுக்கு நோய் என்றால் அது 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும். சியாச்சினில் இருந்து வலிப்பு நோயோடு 1989-ல் வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் 50 சதவீதம் வழங்கியபோது இந்தத் தர்க்கமும் கைகொடுத்தது.

அரசின் பக்கம் என்ன இருக்கிறது

அரசுத் தரப்பை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மத்திய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையர் (சிஏஜி) 2023-ல் வைத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் டிசபிலிட்டி பென்ஷனோடு போனார்கள். அதிகாரி அல்லாதவர்களில் 15 முதல் 18 சதவீதம்தான். களத்தில் அதிகம் நிற்பது சிப்பாய். நோயாளிக் கணக்கில் முன்னால் நிற்பது அதிகாரி. அதிகாரிகள் அதிக வயதில் ஓய்வு பெறுவதும் ஒரு காரணம். ஆனாலும் இந்த இடைவெளி கேள்வி கேட்க வைக்கும். இந்தப் பென்ஷனுக்கு இருந்த வருமான வரி விலக்கு வேறு சந்தேகத்தைக் கூட்டியது. விலக்கு இடையில் வெளியேற்றப்பட்டவருக்கு மட்டுமே, பணிக்காலம் முடித்தவருக்கு இல்லை என்று 2019 ஜூனில் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டு, அதுவும் வழக்கில் போய் நின்றது.

இதற்கு முன்பே ஏழாவது சம்பளக் கமிஷன் சதவீதக் கணக்கை விட்டுவிட்டு, முழு இழப்புக்கு அதிகாரிக்கு மாதம் 27,000, ஜேசிஓ எனப்படும் இளநிலை அதிகாரிக்கு 17,000, மற்றவர்களுக்கு 12,000 என்று நிலையான தொகை பரிந்துரைத்தது. எதிர்ப்பு வலுக்கவே 2017 மே மாதம் மத்திய அமைச்சரவை பழைய சதவீத முறைக்கே திரும்பியது. பிறகு 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகளும், மருத்துவக் குழுக்களுக்கான புதிய கையேடும் அமலுக்கு வந்தன. நோயோடு பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுகிறவருக்குக் கிடைப்பது இனி ‘டிசபிலிட்டி’ அல்ல, ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’. பெயரிலேயே வெளியேற்றப்பட்டவரையும் தொடர்ந்தவரையும் பிரித்துவிட்டார்கள். முந்தைய தேதியில் ஓய்வு பெற்றவர்களுக்கு இவை பொருந்தாது.

என் கணிப்பில், இந்த இறுக்கத்தின் குறியும் அடியும் வேறு வேறு இடத்தில் விழுகின்றன. சந்தேகம் கிளம்பியது மூத்த அதிகாரிகளின் வாழ்க்கைமுறை நோய்களால். ‘நானா’ விழுந்தால் நிலைகுலைவது ஏழெட்டு ஆண்டிலேயே அனுப்பப்படும் சிப்பாய். அதிகாரிக்குச் சாதாரணப் பென்ஷன் எப்படியும் உண்டு, வக்கீலும் உண்டு. வழக்குகளைக் குறைக்க வழி சொல்ல 2015-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழுவே, அமைச்சகம் இத்தகைய வழக்குகளில் மேல்முறையீடு செய்துகொண்டே போவதைக் குறை சொன்னது. சரியான காரணம் எழுதப்படாத ஒரு படிவத்தைக் காப்பாற்ற மூன்று நீதிமன்றங்கள் ஏறுவதை விட, முதலிலேயே காரணத்தை எழுதுவது மலிவு.

யாருக்கு இது இல்லை

அக்னிவீரர்கள் பென்ஷன் கட்டமைப்புக்கே வெளியே. பணியால் வந்த இழப்பு 100, 75, 50 சதவீதம் என்ற படிகளுக்கு ஒரே தடவையாக முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய். பயிற்சி அகாடமிகளில் காயப்பட்டு வெளியேறும் அதிகாரிப் பயிற்சியாளர்கள் முன்னாள் படைவீரர் என்ற தகுதியே பெறுவதில்லை. அவர்களுக்குப் பென்ஷனுக்குப் பதில் கருணைத் தொகைதான். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அதே மாதக் கடைசியில் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் நீட்டிக்கப்பட்டது.

‘நானா’ முத்திரையோடு பத்து ஆண்டுக்குள் வெளியேற்றப்படுகிறவர்களுக்கு இப்போது ஒரு சிறு வழி இருக்கிறது. வெளியிலும் எந்த வேலையும் பார்க்க முடியாத நிலை என்றால் இன்வேலிட் பென்ஷன் உண்டு. 2020 ஜூலையில் வந்த முடிவு இது. 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்குப் பொருந்தும். தரம்வீர் சிங் காலத்தில் இது இல்லை.

மறுத்துவிட்டால் போகும் வழி

1. மறுப்புக் கடிதம் கிடைத்ததும் முதல் மேல்முறையீடு. கெடு ஆறு மாதம்.
2. அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு.
3. அடுத்து ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009-ல் செயல்படத் தொடங்கியது. சென்னையிலும் ஒரு கிளை உண்டு.
4. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் அமைச்சகத்தின் மனுக்கள் குவிந்ததும் இந்த வழியில்தான்.

மேல்முறையீட்டில் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று எழுதுவதால் பயன் இல்லை. அதை யாரும் மறுக்கவில்லை. கேட்க வேண்டியது மூன்று. சேரும்போது நடந்த பரிசோதனையில் என் மேல் என்ன குறிப்பு இருந்தது? குழு எழுதிய காரணம் என்ன? நோய் தெரியவந்ததற்கு முந்தைய ஆண்டுகளில் நான் எங்கெங்கே பணியில் இருந்தேன்? இவற்றுக்கான தாள்கள் மூன்று: ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 படிவத்தின் நகல், சேர்க்கை மருத்துவ அறிக்கை, பணியிடப் பட்டியல். காயம் என்றால் காய அறிக்கையும், ராணுவத்துக்குள் நடந்த விசாரணையின் (கோர்ட் ஆஃப் என்கொயரி) பதிவுகளும் சேரும். ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். விண்ணப்பம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம்.

காலதாமதத்துக்கு விலை உண்டு. 16 ஆண்டு கழித்து வந்த ஒருவருக்கு 2008-ல் உச்ச நீதிமன்றம் பென்ஷன் உரிமையை ஏற்றது. நிலுவையை மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று நிறுத்தியது. 2008 விதிகளில் இதைவிடக் கூரான ஒரு பிரிவு இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு கோருகிறவர் மேல் சாதாரணமாக இல்லை என்று சொல்லிவிட்டு, உடனே விதிவிலக்கு வைக்கிறது. வெளியேறி 15 ஆண்டுக்குப் பிறகு, ஆவணங்கள் அழிக்கப்பட்ட நிலையில் கோரிக்கை வந்தால் நிரூபிக்க வேண்டியவர் அவரே. அழிப்பது அலுவலகம், நிரூபிப்பது அவர். அந்த நாளில் டிரங்குப் பெட்டியின் அடியில் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 நகல் ஒன்று மடிந்து கிடந்தால் வழக்கு உண்டு.